வேலூரில் வீடு வாங்குமுன் சுற்றுப்புறத்தை அறிவது எப்படி? – கேள்வி பதில்

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் வீடுகளைப் பார்வையிட்டு மதிப்பீடு செய்யும் கட்டுமானப் பொறியாளர் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகளுள், வீட்டைச் சூழ்ந்த இடத்தைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன். நம் பகுதியில் வீடு பார்ப்பவர்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற இரண்டையும் விசாரித்த பிறகே அறைகளை எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே தண்ணீர் பற்றிய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஆசிரியை, காட்பாடி): ஐயா, கழிஞ்சூர் ஏரிப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஏரி அருகில் இருப்பதால் கிணறு வற்றாது என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வீடு ஏரியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும், அம்மா. கரைக்கு வெளியே, ஒரு காலத்தில் ஆயக்கட்டு நிலமாக, அதாவது ஏரி நீர் பாயும் வயலாக இருந்த இடத்தில் உள்ள வீட்டுக்கு ஊற்றுநீர் கிடைக்கும். விற்பவர் சொல்வது அங்கே உண்மையாக இருக்கலாம். உள்வாயில், அதாவது நீர் பரவி நிற்கும் பக்கத்தில் கட்டிய வீடு, ஏரி நிறையாத ஆண்டுகளில் பிரச்சினையின்றி இருந்து, நிறைந்த ஆண்டில் தண்ணீருக்குள் நிற்கும். இவ்விரண்டையும்விட நான் அஞ்சுவது கலங்கலுக்கு (ஏரி நிறைந்ததும் நீர் வழிந்து வெளியேறும் இடம்) கீழே, உபரிநீர்க் கால்வாயை ஒட்டி நிற்கும் வீட்டைத்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது எல்லோரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் நகரத்துக்குள், சதுப்பேரியின் உபரிநீர் செல்லும் நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய கன்சால்பேட்டை போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

ஆகவே, ஒரு நாள் காலையில் கலங்கலில் தொடங்கி, கால்வாய் போகும் வழியிலேயே நடந்து உங்கள் தெரு வரை வாருங்கள். கால்வாய் எங்கே குறுகுகிறது, எங்கே அதன்மேல் கடையோ சுவரோ எழுந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். தெருவில் உள்ள மற்ற வீடுகளின் வாசற்படிகளையும் கவனியுங்கள். எல்லோரும் சாலையிலிருந்து மூன்று நான்கு படிகள் உயர்த்திக் கட்டியிருக்க, நீங்கள் பார்க்கும் வீடு மட்டும் சாலை மட்டத்தில் இருந்தால், அக்கம்பக்கத்தார் பட்டறிந்ததை அந்தப் படிகளே சொல்லிவிடுகின்றன. “இங்கே தண்ணீர் வருமா?” என்று கேட்டால் “வராது” என்றே பதில் வரும், “2021 கார்த்திகையில் எந்த வீடு வரை வந்தது?” என்று கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள்.

இதோடு, வருவாய்த் துறையின் இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டையும் (நில வகைப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்துப் பாருங்கள். வீட்டின் புல எண்ணும் (சர்வே எண்), அதைச் சுற்றியுள்ள எண்களும் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு ஆகியவற்றுள் எதிலாவது வகைப்படுத்தப்பட்டுள்ளனவா என்பதை அவை காட்டும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் இருந்தாலும் அவை உரிமையாகா. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், இராணிப்பேட்டை): ஆழ்துளைக் கிணற்று நீர் தெளிவாக இருக்கிறது. டிடிஎஸ் கருவியில் 700 காட்டியது. இது போதுமா?

பதில்: போதாது. அந்தக் கருவி நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. எனவே 700 என்ற எண் தனியாகப் பார்த்தால் அச்சம் தருவதன்று. ஆனால் இராணிப்பேட்டையில் கேட்க வேண்டிய கேள்வி, தோல் பதனிடும் தொழிலில் பயன்படும் குரோமியம் என்ற உலோகம் பற்றியது. மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் கழிவு மலைபோல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த ஊர் இது. மாவட்டத்தின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததும் நம் மண்ணின் நிலையைக் கருதித்தான். குரோமியத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. அதற்கு மேல் போனாலும் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாமல் இருக்கலாம். கையடக்கக் கருவிக்கு ஒருபோதும் தெரியாது.

மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் வெளியேறிய பிறகு மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் குரோமியத்தையும் கடினத்தன்மையையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் கோடையில் எடுத்த மாதிரியாக இருக்கட்டும், ஏனெனில் மழைக்குப் பிறகு எந்தக் கிணறும் தன்னை நல்லதாகவே காட்டிக்கொள்ளும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீடு பார்ப்பவர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். தெருவில் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள் என்பதையும், குடம் வைத்துப் பிடிக்கும் பெண்களிடமே கேட்டு அறியுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தில் மலிவாக ஒரு வீடு வருகிறது. காற்றோட்டமும் நன்றாக இருக்கிறது.

பதில்: நீங்கள் பார்த்தது மார்கழி, தை மாதங்களில் என்றால், சித்திரையில் ஒரு மாலை ஏழு மணிக்கு மீண்டும் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை இரவில் அதைத் திருப்பித் தரும். 40 பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் நம் ஊரில் அந்த வெக்கை சிறிதன்று. மேலே உருளக்கூடிய பாறைகள் உள்ளனவா, மழைநீர் இறங்கும் ஓடை வீட்டை ஒட்டிச் செல்கிறதா, ஆம்புலன்ஸ் வாசல் வரை ஏறுமா, உயரத்தில் உள்ள வீட்டுக்குக் குழாய் நீர் ஏறுகிறதா ஆகியவற்றைப் பாருங்கள். ஓய்வுபெற்ற வயதில் ஆம்புலன்ஸ் பற்றிய விடை ஒன்றே முடிவு செய்யப் போதுமானது.

கேள்வி (மென்பொருள் பணியாளர், பெங்களூரு): அரியூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் கட்டி முடித்த வீடு இருக்கிறது. நகர ஊரமைப்பு அனுமதி உண்டு. கவலையின்றி வாங்கலாமா?

பதில்: அனுமதி இருப்பது நல்லது. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பது பலருக்கும் நினைவிருக்கும். எனினும், அனுமதி என்பது மனைப்பிரிவின் வரைபடத்துக்குக் கிடைத்த ஒப்புதலே. அங்கே வாழ்க்கை நடக்கும் என்பதற்கு உறுதிமொழியன்று. வரைபடத்தில் உள்ள சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். கொடுக்கப்படாத சாலைக்குத் தெருவிளக்கும் சாக்கடையும் வருவது கடினம். மனைகளில் எத்தனை வீடுகளில் இரவில் விளக்கு எரிகிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிவைத்த மனைகளுக்கு நடுவே தனித்திருக்கும் வீட்டில் உங்கள் பெற்றோரைக் குடிவைக்க வேண்டாம்.

கேள்வி (குடும்பத் தலைவி, கொசப்பேட்டை): சி.எம்.சி. மருத்துவமனை அருகே வாங்கினால் நோயாளிகளின் உறவினர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டு நாங்களும் அங்கேயே இருக்கலாம் என்கிறார் என் கணவர்.

பதில்: வருமானம் வரும், அம்மா, வீடு என்ற அமைதி வராது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் இரவு பகல் பாராமல் வந்து போகும் தெருக்கள் அவை. அங்கே இடம் வாங்குவதானால் வாடகைக்கென்று வாங்குங்கள். குடியிருப்பை வேறு தெருவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): தெருவில் எந்தச் சமூகத்தார் அதிகம் என்று தரகரிடம் கேட்பது தவறா?

பதில்: அந்த விடையிலிருந்து உங்களுக்குப் பயனுள்ள எதுவும் தெரியவராது. தமிழ், உருது, தெலுங்கு பேசுவோர் தலைமுறைகளாகக் கலந்து வாழும் ஊர் இது. இரவில் தெருமுனையில் குடித்துவிட்டுக் கூடுகிறார்களா, குப்பையை யார் எடுக்கிறார்கள், பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து எட்டு மணிக்குத் தனியே நடந்து வருகிறார்களா என்று கேளுங்கள். தரகரிடம் கேட்பதைவிட இஸ்திரி வண்டிக்காரரிடமும், அந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பவர்களிடமும் கேட்பது மேல். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்கு ஆதாயமில்லை.

கேள்வி (கல்லூரிப் பேராசிரியர்): வேலை காட்பாடியில், பிள்ளைகளின் பள்ளி வேலூரில். எந்தப் பக்கம் வாங்குவது?

பதில்: பள்ளி இருக்கும் பக்கம் வாங்குங்கள். பாலாற்றுப் பாலத்தையும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தையும் நெரிசல் நேரத்தில் கடப்பது பெரியவர்களால் தாங்கக்கூடியது. வேனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது நாள்தோறும் களைப்பு. முடிவெடுக்குமுன், ஒரு வேலைநாளில் காலை எட்டரை மணிக்கு இரு பக்கமும் ஒரு முறை பயணம் செய்து பாருங்கள்.