மேல் அம்பு வேலை செய்யவில்லையா? டெர்மினலை மாற்றாதீர்கள்

டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் சாளரத்தில், ஓடும் ஒரு நிரலில் மேல் அம்பை அழுத்தினால் முந்தைய கட்டளை வராமல் ஏதோ குறிகள் விழுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கூரைக் குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, ஒரு பெரிய ஏ எழுத்து வந்திருக்கும். இதே நான்கு குறிகளோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியவன் நான்.

அலுவலகத்தில் தரவுத்தளத்தில் வினவல், அதாவது தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை, ஓட்ட ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். வெளி நிறுவனம் எழுதியது. மூல நிரல் எங்களிடம் கிடையாது. நீளமான வினவலை அடித்து முடித்தபின் தேதியில் ஒரு இலக்கம் தப்பு என்று தெரிந்தால், முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். ஒரே வினவலை ஓர் இரவில் இருபது முறை அடித்திருக்கிறேன். புகார் எழுதினேன். ‘உங்கள் டெர்மினல் கோளாறு’ என்று ஒற்றை வரிப் பதில். அதை நம்பி மூன்று டெர்மினல்களை மாற்றினேன். டெர்மினலின் வகையை நிரல்களுக்குச் சொல்லும் டேர்ம் (TERM) மாறிக்கு விதவிதமான மதிப்பு கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

டெர்மினலில் கோளாறே இல்லை. அடித்ததைத் திருப்பிக் காட்டும் கேட் (cat) கட்டளையை வெறுமனே ஓடவிட்டு மேல் அம்பை அழுத்துங்கள், அங்கேயும் இதே குறிகள்தான் வரும். டெர்மினல் 27, 91, 65 என்று மூன்று பைட்டுகளை ஒழுங்காக அனுப்புகிறது. 27 என்பது எஸ்கேப். அதுதான் கூரையும் முதல் அடைப்புக்குறியுமாகத் தெரிகிறது. அதை வாங்கிப் பொருள் கொள்ளத்தான் நிரலில் ஏற்பாடு இல்லை. என்டர் அடிக்கும்வரை வரியைப் பிடித்து வைத்திருக்கும் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேக்ஸ்பேஸ், வரியை அழிக்கும் கண்ட்ரோல்-யூ மாதிரி சில திருத்தங்கள்தான் தெரியும். கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷில் (bash) அம்பு வேலை செய்கிறது என்றால், அதற்குள் ரீட்லைன் (readline) நூலகம் இருக்கிறது; வரியைத் திருத்தவும் பழைய வரிகளைத் திரும்ப எடுக்கவும் உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு அது.

சரி, தீர்வு. ஆர்எல்ராப் (rlwrap) என்று ஒரு சிறு நிரல் இருக்கிறது. ரீட்லைன் வசதியை வேறு நிரலுக்கு வெளியிலிருந்து கொடுப்பது அது. நிறுவிக்கொண்டு, உங்கள் கட்டளைக்கு முன்னால் அந்தப் பெயரையும் ஓர் இடைவெளியையும் சேர்த்து ஓட்டுங்கள். அவ்வளவுதான். மேல் அம்பு, கீழ் அம்பு, கண்ட்ரோல்-ஆர் தேடல் எல்லாம் வந்துவிடும். மூடித் திறந்தாலும் பழைய கட்டளைகள் இருக்கும். முதல் முறை மேல் அம்பை அழுத்தி அந்த வினவல் அப்படியே வந்து நின்றபோது, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ரீட்லைன் நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்ப்பதுதான் முறை என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், நானும் மறுக்கவில்லை. மூல நிரல் கையில் இருந்தால் அதையே செய்யுங்கள். பைத்தானில் ரீட்லைனை இம்போர்ட் செய்தாலே இன்புட் அழைப்புக்கு அம்பு வந்துவிடும். சி மொழியில் ஒவ்வொரு வரியையும், பழைய வரிகளைச் சேர்த்துவைக்கும் ஆட்-ஹிஸ்டரி (add_history) செயற்கூறுக்கு நீங்களேதான் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் இடது வலது அம்பு நகரும், மேல் அம்பு மட்டும் சும்மா இருக்கும். ரீட்லைன் ஜிபிஎல் (GPL) உரிமத்தில் வருகிறது; அதைச் சேர்த்து வெளியிடும் நிரலின் மூலத்தையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம் அது. அது ஒத்துவராது என்றால் அதே வேலைக்கு லிப்எடிட் (libedit) என்ற வேறு நூலகம் இருக்கிறது. நான் சொல்வது மூல நிரல் கிடைக்காதவர்களுக்கு.

என் புகாரை அன்றைக்கே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். தெரியாது என்று சொல்லியிருந்தால் நானே அன்றே தேடியிருப்பேன். புகார் எழுதியவரிடம் தீர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதை மூடும் வழக்கம் இந்தத் துறையில் எங்கும் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. திரையில் தெரியாமல் அடிக்கும் கடவுச்சொல்லை ஆர்எல்ராப் சேமிக்காது. ஆனால் இணைப்புக் கட்டளையோடு சேர்த்துக் கடவுச்சொல்லை அடித்தால், ஹோம் கோப்புறையில் நிரலின் பெயரோடு இருக்கும் ஹிஸ்டரி கோப்பில் அது அப்படியே பதிவாகிவிடும். என்னுடையதில் இருந்தது. கோப்பிலிருந்து அழித்துவிட்டு கடவுச்சொல்லையும் மாற்றினேன். உங்களுடையதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.