கியூ அடியில் எக்ஸ்டென்ஷன் ஜாயின்ட்: போடலாமா?

கேள்வி: சில வருடங்களாக ஒரே ஸ்னூக்கர் கியூவில்தான் (பந்தை அடிக்கும் கோல்) ஆடுகிறேன். 58 அங்குல நீளம், 18 அவுன்ஸ் எடை, ஆஷ் மரம், கருங்காலி பட் (கையில் பிடிக்கும் பின்பகுதி), முக்கால் ஜாயின்ட் (பட் பக்கமாக, முக்கால் நீளத்தில் கழற்றி மாட்டும் இணைப்பு). வெள்ளைப் பந்து மேசை நடுவில் நின்றுவிட்டால் எனக்கு எட்டுவதில்லை. பட்டின் அடியைத் துளைத்து, எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் துண்டு) மாட்டுவதற்கான ஜாயின்ட் வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கூட ஆடுகிறவர்களோ, கியூவின் கைவாக்கே போய்விடும், சைடு போட்டால் (வெள்ளைப் பந்தின் ஓரத்தில் அடித்துச் சுழலவிட்டால்) பந்து முன்பு போல் போகாது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முதலில் சைடு விஷயத்தைப் பார்த்துவிடலாம், அது சுலபம். டிப் (கியூ முனையில் ஒட்டிய தோல்) பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் அடித்ததால் எழும் பக்கவாட்டு அதிர்வு கியூவின் முன்பகுதியில் சிறிது தூரம்தான் பரவும். சைடு போடும்போது பந்து எவ்வளவு விலகும் என்பதை டிப், ஃபெரூல் (டிப்புக்குக் கீழே இருக்கும் பூண்), அதை ஒட்டிய சில அங்குல மரம் ஆகியவற்றின் எடைதான் தீர்மானிக்கிறது. நாலேமுக்கால் அடி தள்ளி, பட்டின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பித்தளை ஜாயின்ட்டுக்கு அதில் பங்கு இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

மாறுவது எடையும் பேலன்ஸும். உங்கள் கியூ 18 அவுன்ஸ், அதாவது சுமார் 510 கிராம். பேலன்ஸ் புள்ளி (கியூ இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்) அடியிலிருந்து 17 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துளைத்தெடுத்த மரத்தைக் கழித்துவிட்டு, ஜாயின்ட்டால் ஒரு அவுன்ஸ் (28 கிராம்) கூடுகிறது, அதுவும் அடியிலிருந்து ஒரு அங்குலத்தில் கூடுகிறது என்றால், பேலன்ஸ் ஏறத்தாழ 16.2 அங்குலத்துக்கு வந்துவிடும். முக்கால் அங்குலத்துக்கும் மேல் பின்னால் நகர்கிறது. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் வருடக்கணக்காக ஒரே கியூவைப் பிடித்த கைக்கு அது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். பிரிட்ஜ் போட்ட (கியூவைத் தாங்க மேசையில் ஊன்றிய) கையின் மேல் கியூவின் முன்பகுதி லேசாகும், பின்கை கனக்கும். பலம் கொடுத்து அடிக்கும்போது முனை மேலே எழும்புவதாகச் சிலர் குறைப்படுவது இதனால்தான். "கைவாக்கு போய்விடும்" என்று உங்கள் நண்பர்கள் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. பல கியூக்களில் எடை சேர்ப்பதற்காகப் பட்டுக்குள் ஈயம் வைத்திருப்பார்கள். ஜாயின்ட் வைப்பவர் அந்த ஈயத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டால், பித்தளை கூட்டிய எடை அங்கேயே கழிந்துவிடும். ஈயம் இல்லாத கியூ என்றால் அலுமினிய ஜாயின்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். அலுமினியத்தின் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. "எடையெல்லாம் பெரிதாக மாறாது சார்" என்று பேச்சை முடிக்கிறவரிடம் கியூவைக் கொடுக்காதீர்கள். "இப்போது எவ்வளவு, வேலை முடிந்தபின் எவ்வளவு இருக்கும்?" என்ற கேள்விக்கு எண்ணில் பதில் சொல்கிறவரிடம் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் நீங்களும் அளந்து வையுங்கள். ஒரு மர ஸ்கேலை மேசையில் குத்தாக நிறுத்திப் பிடித்து, அதன் விளிம்பில் கியூவைக் குறுக்கே வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் சின்ன டேப் ஒட்டி, அடியிலிருந்து அங்குலக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். எடையையும் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் பில்லிலோ ரசீதிலோ கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குவது நல்லது. பணம் வாங்கிச் செய்யும் பழுதுவேலையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைதான். கியூ விரிசல் விட்டு வந்தால் பேச ஆதாரம் கையில் இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விரிசல் என்று சும்மா சொல்லவில்லை. கருங்காலி கெட்டியான மரம், ஆனால் நொறுங்கும் குணமும் உண்டு. வேகமாகத் துளைத்தால் சூடேறி நூல் போல வெடிப்பு விடும். அதனால் பட்டை லேத்தில் பூட்டி, நடு மையம் பார்த்து, நிதானமாகத் துளைக்க வேண்டும். கையில் பிடித்த டிரில்லால் துளைக்கிற இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பட் கடைசியின் குறுக்களவே ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்தான். துளை ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கச் சுவர் மெலிந்துபோகும்.

வேலை முடிந்து வாங்கும்போது மினி பட்டை (அந்த ஜாயின்ட்டில் திருகி மாட்டும் சிறு நீட்டிப்புத் துண்டு) மாட்டிச் சமதளமான மேசையில் உருட்டிப் பாருங்கள். வால் நுனி ஏறி இறங்கினால் மையம் தவறியிருக்கிறது. இணைப்பை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், எந்தப் பக்கமும் கீற்று தெரியக் கூடாது. அப்புறம் மினி பட்டைக் கழற்றிவிட்டு, கியூவைத் தளர்வாகப் பிடித்துப் பட்டை உள்ளங்கையால் தட்டுங்கள். சலசலவென்று ஏதாவது ஒலித்தால் பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சத்தம் ஒவ்வொரு அடியிலும் உங்கள் கூடவே வரும், ஏற்காதீர்கள்.

இன்னொன்று, மினி பட்டை மாட்டியபின் கியூ வேறு கியூ போலத்தான் இருக்கும். 6 அங்குலம், 100 கிராம் என்று வைத்தால் பேலன்ஸ் மேலும் 3 அங்குலம் பின்னால் போகும். எட்டாத அடிக்கு மட்டும் மாட்டுவதால் அது பெரிய குறையல்ல. முடிந்தவரை எடை குறைந்ததாக வாங்குங்கள். விதிப்படியும் தடை இல்லை. கியூ 3 அடிக்குக் குறையக் கூடாது, வழக்கமான கூம்பு வடிவம் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

என் யோசனை: துளைப்பதற்கு முன், பட்டின் மேல் உறைபோல் செருகும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். மரத்தைத் தொட வேண்டியதில்லை. அவசரத்தில் செருகினால் கொஞ்சம் கோணலாக நிற்கும், பாலிஷில் தேய்மானமும் விழும். ஆனாலும் உங்களுக்கு அந்தக் கூடுதல் நீளம் எத்தனை முறை தேவைப்படுகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு ஃப்ரேமில் (ஒரு ஆட்டத்தில்) ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்றால் ரெஸ்ட்டை (எட்டாத அடிக்குக் கியூவைத் தாங்கும் நீண்ட கோல்) பழகுவதே லாபம். அடிக்கடி எடுக்கிறீர்கள் என்றால் தயங்காமல் ஜாயின்ட் போடுங்கள். மரத்தில் போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால்தான் இந்தப் பொறுமையைச் சொல்கிறேன்.

கேள்வி: என் கியூவில் ஏற்கெனவே அடி ஜாயின்ட் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய மினி பட் பாதி வரைதான் ஏறுகிறது. முறுக்கி ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான மரை அளவு இல்லை. பித்தளை மிருதுவானது, வலுக்கட்டாயமாக முறுக்கினால் கியூவுக்குள் இருக்கும் மரை சிதைந்துவிடும். திருப்பி அனுப்பிவிட்டு, கியூ செய்த கம்பெனியின் மினி பட்டையே வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் கியூவை நேரில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒன்-பீஸ் கியூவை பஸ்ஸில் கொண்டுபோகச் சிரமமாக இருக்கிறது. நடுவில் வெட்டி ஜாயின்ட் போடலாமா?

பதில்: அடியில் ஜாயின்ட் வைப்பதும் இதுவும் ஒன்றல்ல. கியூ அடியை வாங்கி வளைந்து நிமிரும் பகுதியிலேயே நீங்கள் உலோகத்தை நுழைக்கிறீர்கள். கையில் உணரும் அதிர்வு நிச்சயம் மாறும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முக்கால் ஜாயின்ட்டாக, வளைவு குறைந்த பட் பக்கம் வெட்டச் சொல்லுங்கள். மனதுக்குப் பிடித்த கியூ என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு, பயணத்துக்கென்று முக்கால் ஜாயின்ட் கியூ ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.