மழைக்கும் வெயிலுக்கும் நடுவே மண்ணை இறுக்குதல்: கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால், மண் நிரப்பும் வேலைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சாலைக் கரை, வீட்டு பேஸ்மென்ட், தொழிற்கூடத் தளம் ஆகியவற்றில் மண்ணை இறுக்குவதும் அதைச் சோதிப்பதும் என் துறை. அஸ்திவார வடிவமைப்பு, கட்டட அனுமதி, ஒப்பந்தக்காரரோடு ஏற்படும் பணத் தகராறு ஆகியவற்றுக்கு நான் பொறுப்பாகப் பதில் சொல்ல இயலாது.

செங்கல்பட்டு, சாலைப் பணி மேற்பார்வையாளர்: ஐயா, அதே மண், அதே ரோலர், அதே ஆட்கள். செப்டம்பரில் 97 சதவீதம் அடர்த்தி கிடைத்தது. அக்டோபர் நடுவில் 92-க்கு மேல் ஏறவே இல்லை. எட்டு பாஸை, அதாவது ரோலரின் எட்டு ஓட்டங்களைப் பதினாறாக்கியும் பயனில்லை. ரோலரில் கோளாறா?

ரோலரில் கோளாறு இல்லை. மண்ணில் நீர் கூடிவிட்டது. மண்ணை இறுக்குவது என்றால் அதற்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது என்று பொருள். காய்ந்த மண்ணில், துகள்களுக்கு இடையே மெல்லிய படலமாக உள்ள நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால், அவை நகர மறுக்கின்றன. நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் அந்தப் பிடி தளர்ந்து, துகள்கள் நெருங்கி அமர்கின்றன. ஓர் அளவுக்கு மேல் போனால், துகள் உட்கார வேண்டிய இடத்தை நீரே அடைத்துக்கொள்கிறது. அந்த அளவைத்தான் ஓஎம்சி, அதாவது உகந்த ஈரப்பதம் என்கிறோம். 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நீர்வழங்கல் துறையின் அணைப் பணிகளை ஒட்டி பிராக்டர் என்ற பொறியாளர் வெளியிட்ட இந்தக் கருத்தின் மேல்தான் இன்றைய மண் இறுக்கச் சோதனைகளில் பெரும்பாலானவை நிற்கின்றன.

உங்கள் தளத்துக்கே கணக்குப் போடலாம். ஆய்வகத்தில் உச்ச உலர் அடர்த்தி (நீரைக் கழித்த மண்ணின் அடர்த்தி) கன சென்டிமீட்டருக்கு 1.92 கிராம், ஓஎம்சி 12 சதவீதம் என்று வந்த ஒரு மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் அதன் ஈரப்பதம் 18-க்கு ஏறிவிட்டால், ஒரு குமிழிக் காற்றுகூட மிச்சமின்றி இறுக்கினாலும் அடர்த்தி 1.81-ஐத் தாண்ட முடியாது. அது ஆய்வக உச்சத்தில் 94 சதவீதம்தான். காற்று முழுவதும் வெளியேறுவதும் நடக்காத காரியம் என்பதால், கையில் கிடைப்பது 91 அல்லது 92. களிகலந்த மண்ணிலிருந்து நீர் வெளியேற நாள்கணக்காகும். ரோலர் ஓரிடத்தின் மேல் இருப்பதோ சில நொடிகள். எனவே கூடுதல் பாஸ்கள் நீரழுத்தத்தை ஏற்றி, ஏற்கெனவே அமைந்த பிடிப்பையும் குலைக்கின்றன. உருளைக்கு முன்னால் மண் எழும்பிப் பின்னால் தாழ்ந்து அலை போவதைப் பார்த்தால், அந்த நிமிடமே ரோலரை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு படுகையில், அதாவது ஒரு தடவை பரப்பி இறுக்கும் மண் அடுக்கில், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 360 கிலோ உலர் மண் இருக்கும். 10 மில்லிமீட்டர் மழை முழுவதையும் அது உறிஞ்சினால் 10 லிட்டர் சேர்ந்து, ஈரப்பதம் கிட்டத்தட்ட 3 புள்ளி ஏறிவிடும். சாலைப் பணி விவரக்குறிப்பு அனுமதிப்பதோ, ஓஎம்சிக்கு மேல் 1, கீழே 2 என்ற இடைவெளிதான். ஒரு சாதாரண மாலை மழை போதும், அந்த எல்லையைத் தாண்டிவிட.

தாம்பரம்: மழை நின்ற பிறகு எத்தனை நாள் காத்திருந்து ரோலர் ஓட்டலாம்?

நாள்கணக்கு சொல்ல முடியாது. அது மண்ணின் வகை, காற்று, வெயில், அடியில் வடிகால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மேல் 5 சென்டிமீட்டரை விலக்கிவிட்டு, கீழேயுள்ள மண்ணை எடுத்துக் கையில் பிடித்து அழுத்துங்கள். கொழுக்கட்டைபோல் உருவம் நின்று, விரலில் ஈரம் ஒட்டாமல், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் சில துண்டுகளாக உடைந்தால் ஓஎம்சிக்கு அருகில் இருக்கிறது. தரையில் அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். பிடியிலேயே உதிர்ந்தால் போதவில்லை. இது தளத்தில் முடிவெடுக்க உதவும் வழிதான். பதிவேட்டில் எழுதுவதற்குச் சோதனை வேண்டும்.

கோவில்பட்டி: எங்கள் மனை கரிசல் மண். பேஸ்மென்ட்டுக்குத் தோண்டிய அதே மண்ணை உள்ளே போட்டு இறுக்கலாமா? மழைக்கு முன் செய்வது நல்லதா, பின்னா?

முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். கரிசலில் உள்ள களிமங்கள் நீரை உறிஞ்சி வீங்குகின்றன, காய்ந்தால் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கின்றன. வெயில் காலத்தில் நன்றாக இறுக்கி வைத்த கரிசல்தான் முதல் மழையில் அதிகமாக வீங்கும். நெருக்கமாக அடுக்கப்பட்ட காய்ந்த களிக்குத் தாகம் அதிகம். தரை டைல்ஸ் நடுவில் புடைப்பதும், கதவு நிலை சாய்வதும் இதனால்தான். வீக்கக் குறியீட்டுச் சோதனையில் 50 சதவீதத்துக்கு மேல் வரும் மண்ணைச் சாலைக் கரையிலேயே நிரப்பக்கூடாது என்று விதி இருக்கிறது, வீட்டுக்குள் போடுவானேன்? வெளியிலிருந்து வீங்காத கிராவல் வரவழையுங்கள். தோண்டிய கரிசலைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது பொன்.

கரிசலையே பயன்படுத்தியாக வேண்டிய பெரிய வேலை என்றால், சுண்ணாம்பு கலந்து இறுக்கும் முறை உண்டு. சுட்ட சுண்ணாம்பு, மண்ணிலுள்ள நீரைத் தன் வினைக்கே எடுத்துக்கொள்வதோடு வெப்பத்தையும் வெளியிடுவதால், மழையில் ஊறிய மண்ணை வேலைக்குக் கொண்டுவரவும் அது உதவுகிறது. எத்தனை சதவீதம் என்பதைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டு வேலையில் கையால் தூவிக் கலப்பதால் பயன் கிடைப்பதில்லை.

திருச்சி: கத்திரி வெயிலில் பேஸ்மென்ட் நிரப்பினோம். தண்ணீர் தெளித்துக்கொண்டே திமிசுக்கட்டையால் இடித்தார்கள். மேலே கெட்டியாக இருக்கிறது, அடியில் பொடியாக இருக்கிறதே?

தெளித்த நீர் மேல் இரண்டு அங்குலத்தைத் தாண்டியிருக்காது. எவ்வளவு நீர் தேவை என்று பாருங்கள். 1200 சதுர அடிப் பரப்பில் 150 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு படுகைக்கு, ஏறத்தாழ 30 டன் உலர் மண். அதன் ஈரப்பதத்தை 4 புள்ளி உயர்த்துவதற்கே 1200 லிட்டர் வேண்டும். வெயிலிலும் காற்றிலும் போவது தனி. குழாயை விரலால் அடைத்துத் தெளிப்பதில் இந்த அளவு சேராது. முந்தின மாலையே மண் குவியலைப் பரப்பி நனைத்து, மண்வெட்டியால் புரட்டி, இரவு முழுவதும் ஊற விட்டு, காலையில் மெல்லிய படுகைகளாகப் போட்டு உடனே இறுக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் பரப்பிவிட்டுச் சாப்பாட்டுக்குப் பின் இறுக்கினால், ஊறிய ஈரம் அதற்குள் பெரும்பகுதி போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: அடர்த்தி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஈரப்பத எண் எங்கே என்று கேளுங்கள். கனமான ரோலரைக் கொண்டு காய்ந்த மண்ணையும் 95 சதவீதத்துக்கு இறுக்கிவிட முடியும். சோதனைத் தாளில் அது தேறிவிடும். பருவமழையில் முதல்முறை நனையும்போது அதே மண் வீங்கவோ அமுங்கவோ செய்யும்.

சேலம்: மழை விட்டு மூன்று நாளாயிற்று. ரோலர் ஓட்டலாமா?

தாம்பரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கும்பகோணம், கட்டட ஒப்பந்தக்காரர்: முப்பது வருடமாக வீடு கட்டுகிறேன். பேஸ்மென்ட்டில் சவுடு மண்ணைக் கொட்டி, தண்ணீர் கட்டிவிட்டு, ஒரு மழை பார்த்துவிட்டால் மண் தானாக இறங்கிக் கெட்டியாகிவிடும். ரோலர், ராமர் (மண்ணை இடிக்கும் இயந்திரம்) எல்லாம் வீண் செலவு. நம் ஏரிக்கரைகளை யார் ரோலர் போட்டுக் கட்டினார்கள்?

உங்கள் அனுபவத்தை மதித்தே விரிவாகப் பதில் சொல்கிறேன். தண்ணீர் கட்டினால் மண் இறங்குவதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், அது உண்மைதான். காய்ந்து தளர்வாகக் கொட்டப்பட்ட மண் முதல்முறை நனையும்போது, துகள்களைப் பிடித்திருந்த பிடி விட்டு, சரிந்து அமர்கிறது. ஆனால் தன் எடை அழுத்துகிற அளவுக்கு மட்டுமே அமர்கிறது. நான்கு அடி நிரப்பின் அடியில் அந்த எடையின் அழுத்தம் சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கும் குறைவு. மேல் மட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ரோலர் தருவது இதைப்போலப் பல மடங்கு. தரை தாங்க வேண்டிய மேல்பகுதியில்தான் உங்கள் முறை மிகக் குறைவாக வேலை செய்கிறது.

ஏரிக்கரைக்கு வருவோம். அவை கூடை கூடையாக, மெல்லிய அடுக்குகளாகக் கொட்டப்பட்டு, மனிதர்களும் மாடுகளும் மிதிக்க உயர்ந்தவை. பிறகும் ஆண்டுதோறும் மராமத்து கண்டவை. பழைய ரயில் பாதைக் கரைகளையும் சில மழைக்காலங்கள் ஆறவிட்டுத்தான் தண்டவாளத்தை நிலைப்படுத்தினார்கள். அவர்களிடம் காலம் இருந்தது, இறங்கினால் மேலே மண் போட்டுக்கொள்ளவும் வழி இருந்தது. நீங்கள் டைல்ஸ் ஒட்டிய பிறகு எதைக் கொண்டு மேலே போடுவீர்கள்?

கும்பகோணம், அதே ஒப்பந்தக்காரர்: நான் கட்டிய வீடுகளில் தரை இறங்கியதில்லை. அப்படியானால் நான் காத்திருந்த மழைக்காலம் எல்லாம் வீணா?

வீண் இல்லை. இறுக்காமல் நிரப்பிய இடத்தில், ஒரு மழைக்காலம் காத்திருப்பது உடனே தரை போடுவதைவிட நல்லது என்பதை மறுக்கவே மாட்டேன். உங்களுக்கு வந்த சவுட்டில் மணல் மிகுந்திருந்தாலும் நல்ல பலன் கிடைத்திருக்கும். வண்டல் மிகுந்த சவுடாக இருந்தால், கட்டிய நீர் வடியாமல் நின்று, மேலே பொருக்குத் தட்டி, அடியில் பல வாரங்கள் சேறாகவே கிடக்கும். மேல் பொருக்கைக் கடப்பாரையால் குத்திப் பார்த்துக் கெட்டி என்று முடிவு செய்வதுதான் ஆபத்து.

இதை விவாதத்தால் தீர்க்க வேண்டியதில்லை. அடுத்த வேலையில் இரண்டு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, 100 மில்லிமீட்டர் விட்டமும் 130 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கோர் கட்டரை (இரு முனையும் திறந்த உலோக உருளை) நேராக அடித்து இறக்குங்கள். பக்கத்து மண்ணைத் தோண்டி அதை அசையாமல் வெளியே எடுத்து, இரு முனையையும் கத்தியால் சமமாகச் சீவி எடை போடுங்கள். உள்ளே ஏறத்தாழ 1020 கன சென்டிமீட்டர் மண் இருக்கும். அது 2.11 கிலோ வந்து, ஈரப்பதம் 15 சதவீதமாக இருந்தால், உலர் அடர்த்தி 1.80, நல்ல நிரப்பு. 1.5-ஐச் சுற்றி வந்தால் அது வெறும் கொட்டிய மண்தான். (சரளைக்கல் கலந்த மண்ணுக்குக் கோர் கட்டர் ஒத்துவராது, மணல் நிரப்பிப் பார்க்கும் முறையைக் கையாள வேண்டும்.)

இராமநாதபுரம்: நீங்கள் இருவரும் சொல்வதைப் படித்துக் குழம்பிவிட்டேன். எங்கள் ஊர் முழுவதும் மணல். தண்ணீர் கட்டலாமா, கூடாதா?

சுத்தமான மணல் என்றால் கட்டலாம். மணல் நன்றாக அமர்வது முற்றிலும் காய்ந்த நிலையிலோ, நன்றாக நனைந்த நிலையிலோதான். அரைகுறை ஈரத்தில் உப்பிக்கொள்ளும். நீர் கீழே வடிந்துபோக வழி இருக்க வேண்டும், கூடவே அதிரும் பிளேட் காம்பாக்டர் ஓட வேண்டும். கும்பகோணத்து அன்பர் இராமநாதபுரத்தில் வேலை செய்தால் அவர் பேச்சில் பெரும்பகுதியை நானும் ஏற்றுக்கொள்வேன்.

அபுதாபி, தள மேலாளர்: 45 டிகிரி வெயிலில் காலையில் சரியாக இருந்த ஈரப்பதம், சோதனைக்கு ஆள் வருவதற்குள் போய்விடுகிறது. ஆய்வக எண்ணும் எங்கள் எண்ணும் ஒத்துப்போவதே இல்லை.

நனைப்பதையும் இறுக்குவதையும் இரவுக்கோ விடியற்காலைக்கோ மாற்றுங்கள். நடுப்பகல் வேலைத் தடை கோடையில் எப்படியும் இருக்கிறது. மாதிரியை எடுத்தவுடன் காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். எண்கள் ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அந்தப் பகுதி மண்ணில் ஜிப்சம் கலந்திருப்பது வழக்கம். 105 முதல் 110 டிகிரி அடுப்பில் உலர்த்தினால், ஜிப்சத்தின் படிகத்துக்குள் இருக்கும் நீரும் போய், ஈரப்பதம் கூடுதலாகத் தெரியும். அத்தகைய மண்ணை 60 டிகிரி அளவில், அதிக நேரம் உலர்த்த வேண்டும். உவர்நீரை டேங்கரில் நிரப்பித் தெளிப்பதை விவரக்குறிப்பு அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்; நீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே தங்கும்.

டொராண்டோ: இங்கே டிசம்பரில் வீட்டுக்குப் பின்புறம் மண் நிரப்பி இறுக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

உறைந்த மண்ணில் செய்தால் நம்பாதீர்கள். பனிக்கட்டி துகள்களைக் கட்டிகளாகப் பிணைத்துவிடும்; எந்த இயந்திரமும் கட்டிகளுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை அடைக்காது. உறையும் நீர் கன அளவில் 9 சதவீதம் விரிவதால், முன்பு இறுக்கிய மண்ணும் தளர்ந்துபோகும். வசந்தத்தில் உருகும்போது எல்லாம் சேர்ந்து இறங்கும். அவசரம் என்றால், உறைந்த மேலடுக்கை அகற்றிவிட்டு, உறையாத, ஈரமற்ற உடைகல் நிரப்பைப் போட்டு, அன்றே இறுக்கி, இரவில் காப்புப் போர்வையால் மூடச் சொல்லுங்கள். அவசரம் இல்லை என்றால் மே மாதம் வரை பொறுங்கள்.

கடலூர்: நேற்று இரவு மழை. இன்றைக்கு ரோலர்...

மூன்றாம் முறை இதே கேள்வி. கையில் மண்ணைப் பிடித்துப் பாருங்கள். எனக்கு எழுதும் நேரத்தில் முடிந்துவிடும்.

திண்டுக்கல்: மண் சரியாக இறுக்காததால் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாமா?

ஒப்பந்தத்தைப் படித்த வழக்கறிஞரைக் கேளுங்கள்.

திருவள்ளூர், தொழிற்கூடத் தளப் பொறியாளர்: வானிலை மையம் இன்றிரவு கனமழை என்கிறது. 200 மில்லிமீட்டர் கிராவல் பரப்பி வைத்திருக்கிறோம், இன்னும் இறுக்கவில்லை. இருட்ட மூன்று மணி நேரம் இருக்கிறது. என்ன செய்வது?

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். புதிதாக ஒரு லோடுகூட இறக்காதீர்கள். பரப்பியதில், இருட்டுவதற்குள் முழுமையாக இறுக்கி முடிக்கக்கூடிய பகுதியை மட்டும் கையில் எடுங்கள். மீதியைக் குவித்துத் தார்ப்பாயால் மூடுங்கள். குவியலில் நனைவது மேல்தோல்தான், பரப்பிய தளர்வான மண்ணோ முழுக்க ஊறும். குமிழ் உருளை ரோலர் ஓட்டியிருந்தால் அதன் பள்ளங்களில் நீர் தேங்கும் என்பதால், கடைசி இரண்டு பாஸ்களை வழவழப்பான உருளையால், அதிர்வின்றி ஓட்டி மேற்பரப்பை மூடுங்கள். 3 சதவீதச் சரிவு இருக்கட்டும். ஓரத்தில் தற்காலிக வாய்க்கால் வெட்டி, நீர் வெளியேறும் இடத்தை இப்போதே திறந்துவிடுங்கள். டிப்பர்கள் நாளை காலை இறுக்கிய பகுதியின் மேல் ஏறாதபடி கயிறு கட்டுங்கள். ஈரமான மேற்பரப்பில் ஒரே ஒரு டயர் தடம், நீர் உள்ளே இறங்கப் பள்ளம் தந்துவிடும்.

காலையில் நனைந்த மேலடுக்கைக் கிளறி உலர்த்துங்கள் அல்லது சுரண்டி எடுத்துவிடுங்கள். அடுத்த படுகையைப் போடுவதற்கு முன், கீழ்ப் படுகையில் மறுபடி ஒரு சோதனை எடுத்து, அடர்த்தியோடு ஈரப்பதத்தையும் பதிவேட்டில் எழுதி, அதன்பின் வேலையைத் தொடருங்கள்.