ஏறத் தெரிவதும் ஏற்றத் தெரிவதும்: மலை வழிகாட்டி, பனிச்சறுக்கு ஆசிரியர் பயிற்சி குறித்த கேள்வி-பதில்

கேள்வி: வயது 22. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஐந்து முறை ஏறியிருக்கிறேன். இமயமலையில் வழிகாட்டியாக வேண்டும். எங்கே தொடங்குவது? (கோவை வாசகர்)

பதில்: ஐந்து முறை ஏறிய கால்கள் நல்ல மூலதனம்தான். ஆனால் வெள்ளியங்கிரியில் வழி தெரியாவிட்டால் முன்னால் போகிறவரைக் கேட்டுக்கொள்ளலாம். பனியாற்றில், அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிப் பரப்பில், வழிகாட்டி என்றால் முன்னால் போகிறவரே நீங்கள்தான்.

டார்ஜிலிங்கில் 1954 முதலும், உத்தராகண்டின் உத்தரகாசியில் 1965 முதலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் நடக்கின்றன. மணாலியிலும் பஹல்காமிலும் உண்டு. ஏதாவது ஒன்றில் அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். ஏறக்குறைய நான்கு வாரம். முதலில் பாறையில் கைவைக்கச் சொல்வார்கள்: முடிச்சுகள், கயிற்றில் இறங்குதல், மேலே ஏறுகிறவரைக் கீழிருந்து கயிற்றால் காத்தல். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பனியாற்றுக்கு நடை. உத்தரகாசி மாணவர்கள் பெரும்பாலும் டோக்ரியானி பனியாற்றுக்குப் போவார்கள். அங்கே வேண்டுமென்றே சரிவில் விழவைத்து, பனிக்கோடரியைக் குத்தி நிற்கச் சொல்வார்கள். தலைகீழாக, மல்லாக்க, குப்புற என்று எல்லா விதத்திலும் விழ வேண்டும். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் யாரும் சிரிப்பதில்லை.

முடிவில் தரம் போடுவார்கள். ‘ஏ’ தரம் வாங்கினால்தான் அடுத்த கட்டமான உயர்நிலைப் பயிற்சிக்கு வழி திறக்கும். இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதால் வேலையை விட்டுவிட்டு விண்ணப்பிக்காதீர்கள்; விண்ணப்பித்து இடம் உறுதியான பிறகு விடுப்பு கேளுங்கள்.

கேள்வி: அடிப்படை, உயர்நிலை இரண்டும் முடித்துவிட்டேன். இனி கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போகலாமா? (சென்னை வாசகி)

பதில்: போகக் கூடாது என்பது என் கருத்து. அந்த இரண்டும் உங்களை நல்ல மலையேறியாக்கும் படிப்புகள். ஏறத் தெரிவது வேறு, ஏற்றத் தெரிவது வேறு. 1953இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட டென்சிங் நோர்கேயையே, டார்ஜிலிங் நிலையத்தில் கற்பிக்கத் தொடங்குமுன் சுவிட்சர்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவருக்கு ஏறச் சொல்லிக்கொடுக்கவா அனுப்பியிருப்பார்கள்?

தேடல்-மீட்புப் பயிற்சியையும், பயிற்றுமுறைப் பயிற்சியையும் முடித்துக்கொள்ளுங்கள். பனியாற்றின் பிளவில் விழுந்தவரைக் கயிறும் கப்பியும் கொண்டு தூக்குவதை முதலாவதில் பழகுவீர்கள். இரண்டாவதில், நடுங்கிக்கொண்டு நிற்பவரிடம் எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பழகுவீர்கள். அதன்பின் இரண்டு மூன்று சீசன் அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே உதவியாளராக இருங்கள்.

ஐரோப்பிய முறையைப் பார்த்தால் இது அதிகமாகத் தோன்றாது. 1965இல் ஆல்ப்ஸ் நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் தகுதிக்குப் பாறை, பனி, பனிச்சறுக்கு மூன்றிலும் தேர்ச்சி வேண்டும். நுழைவுத் தேர்வுக்கே, முன்பு ஏறிய மலைகளின் நீண்ட பட்டியலைக் காட்ட வேண்டும். உள்ளே போனால், முழு வழிகாட்டியின் மேற்பார்வையில் பயிலுநராகவும் உழைக்க வேண்டும். எல்லாம் முடியச் சில ஆண்டுகள் ஆகும். நம் பக்கத்து நாடான நேபாளத்தின் வழிகாட்டிகள் சங்கமும் அந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது.

கேள்வி: பனியையே பார்த்ததில்லை. 28 வயதில் பனிச்சறுக்கு ஆசிரியராக முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: முடியும், ஆனால் மெதுவாக. காஷ்மீரின் குல்மார்கிலும் உத்தராகண்டின் ஔலியிலும் குளிர்காலத்தில் தொடக்கநிலை வகுப்புகள் நடக்கின்றன. ஜனவரி, பிப்ரவரி மாதங்களைக் குறிவையுங்கள்.

முதலில் கற்பது வேகத்தை அல்ல, நிற்பதை. சறுக்குப் பலகைகளின் முன்முனைகளைக் கூட்டி, வால்களை அகட்டி, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் தணியும். ஆசிரியராக விரும்புகிறவரை இந்த ஆப்புதான் வாட்டுகிறது. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் அதை மறந்துபோயிருப்பார். தேர்வாளரோ, புதியவருக்குச் செய்துகாட்டுவதுபோல நிதானமாக, பிசிறில்லாமல் அதையே செய்யச் சொல்வார். எனக்குத் தெரிந்து வேகக்காரர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பிரிட்டன், கனடா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் படிநிலைச் சான்றிதழ்கள் உண்டு. முதல் படியை ஒரு வாரப் பயிற்சியில்கூட எட்டலாம். மேல்படிகளுக்குப் பல குளிர்காலங்கள் பிடிக்கும். பிரான்சில் முழு உரிமையோடு கற்பிக்க வேண்டுமானால் கடிகாரம் வைத்து நடத்தும் சறுக்குப் பந்தயத் தேர்வையும் தாண்ட வேண்டும். அது சிறுவயதிலேயே பந்தயத்தில் வளர்ந்தவர்களின் களம். உங்கள் இலக்கைத் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்பிப்பதில் வையுங்கள். ஆசிரியர் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

கேள்வி: 2022 விபத்துக்குப் பிறகு மகளைப் பயிற்சிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. (திருச்சி வாசகி)

பதில்: பயம் நியாயமானது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் நிகழ்ந்த பனிச்சரிவில் சிக்கியவர்கள் உத்தரகாசி நிலையத்தின் உயர்நிலை மாணவர்களும் அவர்களுடைய பயிற்றுநர்களும். ஆபத்தே இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன்.

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கிறது. புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஹெலிகாப்டர் அதற்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும். ஆகவே நிலையத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். சரிவில் ஏறும் ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி இருக்குமா? முந்தைய நாட்களின் பனிப்பொழிவைப் பார்த்து ஏறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் யார்? ஒரே நேரத்தில் எத்தனை பேரைச் சரிவில் ஏற்றுவார்கள்? மழுப்பலான பதில் வந்தால் வேறு நிலையத்தைத் தேடுங்கள். அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் இவ்வளவு செங்குத்தான இடங்களுக்குப் போவதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாதாமே? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: ஊரைப் பார்த்து உயரம் வஞ்சிப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குள் கூட்டுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறியான தலைவலியை மறைக்காதீர்கள். நன்றாக ஓடக்கூடிய இளைஞர்கள்தான் அதை மறைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வகுப்பில் ஆங்கிலமும் கலந்து வரும், சமாளிக்கலாம். ஆனால் பாறையில் கட்டளைகள் ஒற்றைச் சொல்லில் பறக்கும். ‘ருக்கோ’ என்றால் நில். ‘ரஸ்ஸி’ என்றால் கயிறு. மேலிருந்து யாராவது ‘பத்தர்’ என்று கத்தினால் கல் வருகிறது என்று பொருள். நிமிர்ந்து பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.