நான்சி ஸ்பெரோவின் தாள் ஓவியங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ஓவியர் நான்சி ஸ்பெரோ 1966-இல் எண்ணெய் வண்ணத்தையும் கித்தானையும் விட்டுவிட்டுத் தாளுக்கு மாறியது ஏன்? செலவு காரணமா?

பதில்: செலவு அன்று, சினமே காரணம். 1959 முதல் 1964 வரை கணவர் லியோன் கோலபுடனும் பிள்ளைகளுடனும் பாரிசில் வாழ்ந்தபோது, வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, காதலர்களும் தாய்மாரும் இருளுக்குள்ளிருந்து மங்கலாகத் தெரியும் ‘கறுப்பு ஓவியங்களை’ அவர் மிக மெதுவாக வரைந்துவந்தார். நியூயார்க் திரும்பியதும், வியட்நாம் போர் தொலைக்காட்சி வழியே அன்றாடம் வீட்டுக்குள் நுழைவதைக் கண்டார். அந்த வேகத்துக்கு, உலர நாள் பிடிக்கும் எண்ணெய் வண்ணம் ஈடுகொடுக்கவில்லை. அத்துடன், சுவரளவு கித்தான் அன்றைய நியூயார்க்கில் ஆண் ஓவியர்களின் பெருமிதச் சின்னமாகியிருந்தது; அதை ஒதுக்கியதையே அவருடைய முதல் எதிர்ப்பாக நான் கருதுகிறேன்.

கேள்வி: ஐயா, ‘போர் வரிசை’ ஓவியங்களை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அவசரமாகக் கிறுக்கியதுபோல் தோன்றுகிறது. எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: அவசரம் உண்மைதான், ஆனால் அது கவனக்குறைவு அன்று. 1966 முதல் 1970 வரை குவாஷ் எனப்படும் ஒளிபுகா நீர்வண்ணத்தாலும் மையாலும் வரையப்பட்ட வரிசை இது. ‘ஆண் குண்டு’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணுகுண்டு வெடிப்பு ஓர் ஆணுடலாக நிற்கிறது. அதன் குறியிலிருந்தும் தலைகள் முளைத்து, நாக்கை நீட்டி நஞ்சை உமிழ்கின்றன. வேறு தாள்களில் ஹெலிகாப்டர்கள் மனிதரைத் தின்னும் பூச்சிகளாகவும் பறவைகளாகவும் பறக்கின்றன. எச்சிலைத் தொட்டுத் தாளைத் தேய்த்து, அதன் மேற்பரப்பு நைந்துபோகும்வரை அவர் வேலை செய்ததுண்டு. அந்த நைவு அச்சில் தெரிவதில்லை. நேரில் பார்க்க வாய்த்தால், உருவத்தைச் சுற்றி வெறுமனே விடப்பட்டிருக்கும் வெள்ளைப் பரப்பையும் கவனியுங்கள். வானமோ நிலமோ அங்கே வரையப்படவில்லை, உருவம் ஒதுங்க இடமில்லை.

கேள்வி: இது போர் எதிர்ப்புக் கலைதானே? பெண்ணியம் எங்கே வருகிறது?

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே அந்த ஓவியங்களின் வாதம். குண்டுக்கு ஆண்குறியைக் கொடுத்தபோதே, போரின் வன்முறையையும் ஆணாதிக்க வெறியையும் ஒரே உடலில் அவர் காட்டிவிட்டார். 1969-இல் நியூயார்க் பெண் கலைஞர்களின் போராட்டக் குழுவில் சேர்ந்தார். 1972-இல் பெண்களே நடத்திய ஏ.ஐ.ஆர். கலைக்கூடத்தைத் தொடங்கிய 20 பேரில் ஒருவரானார். 1976-இல் முடித்த ‘பெண்கள்மீதான சித்திரவதை’ 14 பகுதிகளாக 125 அடி நீளத்துக்கு விரியும் தாள் ஓவியம். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு திரட்டிய வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தும் அச்சிட்டும், அவற்றினூடே தொன்மக் காலத்துப் பெண்ணுருவங்களைச் சிறிது சிறிதாகப் பதித்திருக்கிறார். சித்திரவதைக் காட்சியைப் படமாக்கி வேடிக்கைப் பொருளாக்காமல், வாசித்தே அறியும்படி செய்தது பெரிய அறத்தெளிவு. எழுபதுகளின் நடுப்பகுதி முதல் நெடுங்காலம் பெண்ணுருவங்களை மட்டுமே வரைந்தார்.

கேள்வி: அக்காலத்தில் அவருக்கு அங்கீகாரம் கிடைத்ததா?

பதில்: மிகத் தாமதமாகத்தான். அந்த ஆற்றாமையே 1971-72-இல் ‘கோடெக்ஸ் ஆர்த்தோ’ சுருள்களாக வெளிப்பட்டது; பிரெஞ்சு எழுத்தாளர் அந்தோனென் ஆர்த்தோவின் வேதனை மொழியைத் தட்டச்சு செய்து, வாய்மூடப்பட்ட பெண் கலைஞரின் குரலாக மாற்றினார். 1967-இல் போர் வரிசையில் வரைந்த, வெட்டுண்ட தலைகள் தொங்கும் கம்பத்தை, 2007-இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் பெரும் நிறுவல் படைப்பாக மீண்டும் உருவாக்கினார். 2009-இல் மறைந்தார்.

கேள்வி: நானும் தாளில் குவாஷ் கொண்டு வரைகிறேன். எப்படிப் பாதுகாப்பது?

பதில்: அமிலமற்ற தாளையே வாங்குங்கள். குவாஷ் உலர்ந்தபின் நொறுங்கும் தன்மையுடையது. ஆகவே சுருட்டாமல் தட்டையாக வையுங்கள். ஈரம் பட்டால் வண்ணம் கரையும். சட்டமிட்டால் கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி அட்டை விளிம்பு கொடுங்கள். தாள் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவு மங்கிய ஒளியையே அனுமதிக்கின்றன. எனவே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவதைத் தவிருங்கள். ஸ்பெரோ தம் தாள்களைச் சட்டமின்றிச் சுவரில் குத்தி வைத்ததுண்டு. அது அவர் கலையின் நோக்கத்துக்குப் பொருந்தியது, ஆனால் நெடுநாள் வைத்திருக்க விரும்பும் ஓவியத்துக்கு அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.