டம்ளர் அடியில் தங்கும் மருந்து

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றுகிறோம். இரும்பைக் குறைக்க டிஃபெராசிராக்ஸ் மாத்திரையைத் தினமும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தும், உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 3,000-க்குக் கீழே இறங்கவில்லை. அவளோ, "நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?" என்கிறாள். உறவினர்கள் இரும்பு டானிக் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் டானிக் பேச்சை விடுங்கள் அம்மா. இது இரும்பு போதாமல் வந்த சோகை இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. வருடத்துக்கு 34 யூனிட் என்றால் ஏறக்குறைய 7 கிராம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமாக இருப்பதே 3, 4 கிராம்தான். மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. கல்லீரல், இதயம், ஹார்மோன் சுரப்பிகளில் போய்ப் படியும். படியும்போது வலிக்காது. அவள் 'நல்லாத்தானே இருக்கேன்' என்பது பொய் இல்லை.

சரி, மருந்து கொடுத்தும் ஏன் இறங்கவில்லை? இதே புகாரோடு முன்பு ஒரு பையன் வந்தான். ஒரு நாளும் தவறவில்லை என்றார் அவன் அம்மா. நானும் அதை நம்பி இரண்டு முறை மருந்தின் அளவைக் கூட்டினேன். அப்புறம்தான், என் எதிரில் கரைத்துக் கொடுங்கள் என்றேன். மடமடவென்று குடித்துவிட்டு அவன் வைத்த டம்ளரின் அடியில் வெள்ளையாக மாவு போல மருந்து! தினமும் அவ்வளவும் கழுவிக் கொட்டப்பட்டிருக்கிறது. முதல் நாளே கேட்காதது என் தப்பு.

அந்த மாத்திரை முழுதாகக் கரையாது, கலங்கித்தான் நிற்கும். உலோக டம்ளர் வேண்டாம், கண்ணாடி டம்ளர் எடுங்கள். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். பாலில் கலக்காதீர்கள். குடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்கட்டும். விழுங்கும் வகையும் உண்டு. ஆனால் அதன் அளவு வேறு, நீங்களாக மாற்ற வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைய மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஃபெரிட்டின் காய்ச்சலிலும் ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், இதயத்துக்கும் கல்லீரலுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து இரும்பை அளக்கச் சொல்லுங்கள். பருவ வளர்ச்சி இன்னும் தொடங்கவில்லை என்றால் ஹார்மோன் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்து, மேலே சொன்ன 7 கிராம் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள்.