மரபணுவைப் பார்த்து மாத்திரை எழுதலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். அது சிலருக்கு வேலை செய்யாது, மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்கிறார்கள். குடும்ப மருத்துவரோ அவசியமில்லை என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி மாற்றிக் கொடுத்த பிறகே குளோபிடோக்ரெல், இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். அந்த நொதிக்குரிய மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்குப் பலன் குறையும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2010-இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. தெற்காசியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஒரு பிரதியாவது செயல் குன்றியிருப்பதால், இது நமக்குத் தொலைவான சங்கதியன்று. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, பக்கவாதத்துக்குப் பின் இம்மருந்தைத் தர எண்ணும்போது இச்சோதனையைச் செய்யுமாறு 2024-இல் பரிந்துரைத்தது.

அப்படியிருந்தும் என்னைப் போன்ற பொது மருத்துவர்கள் தயங்குகிறோம் என்றால், சோதனை மீதுள்ள அவநம்பிக்கையால் அன்று. முடிவு வந்து சேர்வதற்குள் மருந்து தொடங்கப்பட்டிருக்கும். இதய நிபுணர் எழுதியதை நாங்களாக மாற்றத் துணிவதில்லை. இத்தகைய அறிக்கையை வாசிக்க நாங்கள் படித்த காலத்தில் எவரும் கற்றுத் தரவுமில்லை. (அவசியமில்லை என்ற உங்கள் மருத்துவர் காரணத்தையும் சொல்லியிருக்கலாம்.) அண்மையில் ஒருவர் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் நிறைந்த 30 பக்க அறிக்கையுடன் வந்தார், அதிலிருந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றை அவர் தொட்டதே இல்லை. மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். குளோபிடோக்ரெல் அட்டைக்குப் பக்கத்திலேயே, அதே நொதியைத் தடுக்கக்கூடிய ஒமெப்ரசோல் என்ற வயிற்றெரிச்சல் மாத்திரை கிடந்தது. அதைப் பான்டோபிரசோலாக மாற்றுவதற்கு எந்த மரபணு அறிக்கையும் தேவைப்படவில்லை.

ஆகவே முதலில் தந்தையின் வயிற்றெரிச்சல் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். ஒமெப்ரசோலோ ஈசோமெப்ரசோலோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்து இதய நிபுணரிடம், சோதனையில் பழுது தெரிந்தால் மருந்தை மாற்றுவீர்களா என்று கேளுங்கள். மாற்று மருந்துகளான டிகாக்ரெலார், பிராசுக்ரெல் ஆகியவை இந்த நொதியை நம்பியிருப்பவை அல்ல. ஆனால் இரத்தக்கசிவு அபாயம் அவற்றில் கூடுதல் என்பதால், அதை எண்ணியே அவர் குளோபிடோக்ரெலைத் தேர்ந்திருக்கக்கூடும். மாற்றும் எண்ணம் அவருக்கு உண்டென்றால் சோதனை செய்யுங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம். எதுவாயினும் மாத்திரையை ஒரு நாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். சோதனை செய்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சர்க்கரை அளவைப் போல அது மாறுவதில்லை. இன்னும் பத்தாண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் கேட்டாலும் அதையே காட்டலாம்.